துப்ப மறந்த ஒரு வாய் வைன்

லண்டன் சட்டனில் ஒரு வைன் கடையில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் போத்தல்களைச் சுவைத்துப் பார்த்து, கடை அடுக்குத் தட்டில் ஒட்டச் சிறு குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. விழுங்கக் கூடாது, வாயில் சுழற்றி வாளிக்குள் துப்பிவிட வேண்டும். குடிக்காத குடிவேலை என்று கணவர் நக்கலடிப்பார்.

அன்று முதலாளி என்னை ரயில் பாலத்து வளைவுக்குள் இருக்கும் சிறிய வைன் ஆலை ஒன்றுக்கு அனுப்பினார். அப்போது நான் ஏழு வாரக் கர்ப்பிணி. யாருக்கும் சொல்லவில்லை, கணவருக்குக்கூட. முன்பு இரண்டு முறை சொன்ன கையோடு கலைந்துபோனது. கண்ணூறு பட்டுவிட்டது என்று அம்மா சொன்னபோது சிரித்தவள்தான் நான். இம்முறை சிரிக்கத் துணிவில்லை. துப்பப்போகிற வைன்தானே என்று போனேன்.

ஆலைக்காரர் நரைத்த தாடிக்கார ஆங்கிலேயர். திராட்சையை இலை உதிரும்வரை கொடியிலேயே விட்டு, சுருங்கிய பிறகு பறித்ததாகச் சொன்னார். ஒரு கூடை பிழிந்தால் கொஞ்சச் சாறுதான் வருமாம். மேலே ரயில் போகும்போதெல்லாம் உருக்குத் தொட்டிகள் அதிர்ந்தன. வெள்ளை வைன் என்கிறார்கள், நிறமோ நல்லெண்ணெய் மாதிரி.

ஒரு வாய் எடுத்துச் சுழற்றினேன். முதலில் தேன், பிறகு ஆரஞ்சு மணக்கும் தோடம்பழத் தோல். எங்கள் மாதா கோவிலில் பூசைக்கு வைப்பதும் இதே இனிப்பு வெள்ளைதான். பத்து வருடமாக ஞாயிறுதோறும் நற்கருணைக் கிண்ணத்தில் குடித்துப் பழகிய தொண்டை, வாளியைத் திரும்பியும் பாராமல் விழுங்கிவிட்டது. வலக்கை தானாக எழுந்து சிலுவை போட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது என்றது புத்தி. பயம் அதைக் காதில் வாங்கவில்லை. அடிவயிறு இழுப்பதுபோல இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வைன் பிடிக்கவில்லையா என்று ஆலைக்காரர் கேட்க, கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லி அழுதுவிட்டேன். அம்மாவுக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத வைன்காரருக்குச் சொல்லியாயிற்று. அவர் உட்காரக் கதிரையும் குடிக்கத் தண்ணீரும் தந்து, வீட்டுக்கு ஃபோனில் அழைத்துப் பேசச் சொன்னார்.

வாசலில் நின்று கணவரை அழைத்தேன்.

"வைனை விழுங்கிப்போட்டன்."

"அதுக்கேன் அழுறீர்?"

"நான் முழுகாம இருக்கிறன்."

தலைக்கு மேலே ஒரு ரயில் முழுதாகப் போய் முடிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "மூண்டு ஞாயிறா நீர் கிண்ணத்தைத் தாண்டிப் போறீர். நான் உமக்குப் பின்னாலதானே வரிசையில நிக்கிறன்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"கேட்டா இதுவும் போயிடுமோ எண்டு பயம். அங்கேயே நில்லும். வாறன்."

ஸ்கேனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதுவரை இருவருமாகச் சேர்ந்து பயந்தோம்.