ஆபீஸ் அக்கா போட்ட டிக்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தாளாளர் முதல் ஒண்ணாங்கிளாஸ் வாண்டு வரை எல்லாருக்கும் அவள் ஆபீஸ் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். கணவன் இறந்துபோன இரண்டாவது மாதம், இந்தப் பள்ளியை நடத்தும் மத நிறுவனத்தின் தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "வீட்ல உட்கார்ந்து அழுதா கண்ணுதான் கெடும். நாளைலேர்ந்து ஆபீசுக்கு வாம்மா" என்றார். வந்தாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. தினமும் பின்கட்டு வழிபாட்டுக் கூடத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ரகம்.

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'என் பிள்ளை மத வகுப்பில் கலந்துகொள்ள ஐந்தாம் வகுப்பு வரை சம்மதிக்கிறேன். ஆம், இல்லை.' ஆரம்பத்தில் பெற்றோர் ஒவ்வொருவரும் "இது என்னங்க?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வரிசை கேட்டைத் தாண்டிவிடும். ஒரு வருஷம் பார்த்தாள், எல்லாப் படிவத்திலும் 'ஆம்' என்பதில் தானே டிக் போட்டு அடுக்கி வைத்துவிட்டாள். வந்தவர்கள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்களே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் செய்கிற தப்பு இருக்கிறதே, அதற்குத்தான் ஆயுசு கெட்டி.

நாலாம் வகுப்பில் ஒரு பஸ் டிரைவரின் மகள் படித்தாள். போன வருஷம்தான் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. அவர்கள் வேறு மதம். ஒருநாள் மத வகுப்பு டீச்சர், நம் வழியில் கும்பிடாதவர்களுக்கு மேலே இடமில்லை என்று பாடத்தோடு பாடமாகச் சொல்லிவிட்டார். பிள்ளை எழுந்து நின்று, "அப்போ எங்கம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டது. "உட்காரு, பாடத்தைக் கவனி" என்பதுதான் கிடைத்த பதில். மறுநாளிலிருந்து அந்த வகுப்பு நேரத்தில் பிள்ளை வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போகவே மாட்டேன் என்றது.

டிரைவர் விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தார். தாளாளர் படிவத்தை எடுத்து நீட்டினார். "சம்மதம் கொடுத்துட்டு இப்ப மாத்திப் பேசினா எப்படி? கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணாமா? இஷ்டமில்லேன்னா டி.சி. வாங்கிக்குங்க."

"நான் டிக்கே போடலைங்க."

"கையெழுத்து யாரோடது?"

"கையெழுத்து என்னோடதுதான்..." என்றார் டிரைவர். பக்கத்து மேசையில் ஆபீஸ் அக்கா பதிவேட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். 

டிரைவர் கல்வி அதிகாரிக்கு மனுப் போட்டார். வியாழக்கிழமை விசாரணை. செவ்வாய்க்கிழமை மத வகுப்பு மணி அடித்ததும் பிள்ளை தண்ணீர் குடிக்க ஆபீசுக்கு வந்தது.

"அக்கா, டி.சி.ன்னா என்ன?"

"ஒரு காகிதம்டா கண்ணு."

"அது வாங்கினா வேற ஸ்கூலுக்குப் போகணுமாமே. இந்த கேட் வரைக்கும் அம்மா தினம் கூட்டிட்டு வந்திருக்காங்க. வேற ஸ்கூலுக்கு அம்மாவுக்கு வழி தெரியாது, அக்கா."

ஆபீஸ் அக்கா தம்ளரை வாங்கிக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை அதிகாரியம்மா படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிக் நீல மை, கையெழுத்து கறுப்பு மை. ஏன்?"

"ஒரு மனுஷன்கிட்ட ரெண்டு பேனா இருக்கக் கூடாதா?" என்றார் தாளாளர்.

"அந்த டிக் நான் போட்டதுங்க" என்றாள் ஆபீஸ் அக்கா.

"இந்தப் படிவத்துலயா?"

"எல்லாப் படிவத்துலயும். வருஷக்கணக்கா. ஐயாவுக்குத் தெரியாதுங்க. தப்பு என்னோடது."

தாளாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அதிகாரியம்மா நிதானமாகச் சொன்னார். "ஐயா, பள்ளிக்கூடம் நடத்த உங்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கு. மத வகுப்பு நடத்தவும் இருக்கு. அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையை அதுல உட்கார வைக்கக் கூடாது. வரலைங்கிறதுக்காக வெளியே அனுப்பவும் கூடாது. ரெண்டும் ஒரே சட்டம்தான். எல்லாப் பெற்றோர்கிட்டயும் புதுசா கேளுங்க."

பிள்ளை பள்ளியில் நிலைத்தது. ஆபீஸ் அக்காவுக்கு மெமோ கிடைத்தது. தாளாளர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் கேட்டருகே மேசை போட்டு, வெற்றுப் படிவங்களோடு மூன்று வாரம் உட்கார்ந்தாள். ஒவ்வொருவருக்கும் அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

"அக்கா, வழக்கம்போல நீங்களே போட்டுடுங்களேன்" என்றார் ஒரு தையல்காரர்.

"போதும் சாமி, பட்டது போதும். பேனாவைப் பிடிங்க, யோசிச்சுப் போடுங்க."

கடைசி நாள் படிவக் கட்டைக் கொண்டுபோய்த் தாளாளர் முன் வைத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்தார்.

"முன்னூத்துப் பதினெட்டுல முன்னூத்தி ரெண்டு ஆம். இதுக்கா இத்தனை அமர்க்களம்? நீ போட்டதும் இதேதானே?"

"அது நான் போட்டதுங்க ஐயா. இது அவங்க போட்டது."

 அவர் மீதிப் பதினாறையும் ஒவ்வொன்றாகப் படித்தார். டிரைவரின் படிவம் வந்ததும் கை நின்றது. "அந்தப் பொண்ணு அன்னைக்கு கிளாஸ்ல அப்படி என்னதான் கேட்டுச்சு? அடம் பிடிக்குதுன்னுதான் என்கிட்ட சொன்னாங்க."

பிள்ளை தன்னிடம் சொன்னபடியே அவள் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

 தாளாளர் எழுந்து, வராந்தாவில் நடந்து நூலகத்துக்குப் போனார். அப்போது மத வகுப்பு நேரம். பிள்ளை அங்கே தனியாகப் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த ஆபீஸ் அக்கா வாசலில் நின்றுகொண்டாள்.

தாளாளர் அந்தக் குட்டைப் பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். "உங்கம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டியாமே கண்ணு. நாப்பது வருஷமா பின்கட்டுக் கூடத்துல கும்பிடுறேன். எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி உன்கிட்ட சொன்னது எங்களோட தப்பு."

பிள்ளை அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, அவர் கையைத் தட்டிக் கொடுத்தது.

"பரவால்ல தாத்தா. எங்கப்பாவுக்கும் தெரியலயாம்."