என் தாத்தாவின் சாபமும் டாக்டர் சொன்ன ஜீனும்

விசுவாசக் குடும்பத்தாரே, நான் சொல்லப்போவது சிலருக்கு உறைக்கும். உறைக்கட்டும்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் எனக்குச் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலியில்லை, எரிச்சலில்லை. மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். சிகரெட்டும் உண்டு. ஆஸ்பத்திரியில் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். நான் ஆடிப்போய்விட்டேன்.

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அதன் ஜீனைப் பரிசோதித்தால் நோய் எந்தப் போக்கில் போகும் என்று ஓரளவு தெரியும், சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டுமா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம் என்றார் டாக்டர்.

இதை கிளாங்கில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். கூட்டத்தை நடத்தும் தேவசகாயம் அண்ணன் உடனே கண்ணை மூடினார். ஜீன் என்றால் பரம்பரை, பரம்பரை என்றால் சாபம் என்று அவருக்கு அங்கேயே வெளிப்பாடு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் நடந்தபோது எங்கே போயிருந்தாரோ. என் தாத்தா ரப்பர் தோட்டத்துக் கோயிலில் சாமி ஆடியவரா என்று கேட்டார். ஆடினார். தொண்ணூறு வயதுவரை ஒரு மாத்திரை போடாமல் நடமாடவும் செய்தார். அதை யாரும் கேட்கவில்லை. வாராவாரம் வந்து என் தலையில் எண்ணெய் பூசி, செத்துப்போன மனிதரைத் திட்டி ஜெபித்தார்கள். பிறகு என் மகள் ரூத் வறுத்த மீகூன் சேமியாவை மூக்குமுட்டத் தின்றுவிட்டுப் போனார்கள்.

சாபக் கதை காஜாங் வரை போனது. ரூத்துக்கு அங்கேதான் ஒரு பையனை நிச்சயம் செய்திருந்தோம். அவனுடைய அம்மா போன் செய்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பொறக்கிற பிள்ளைங்களுக்கும் வரும்னு சொல்றாங்களே அண்ணே. ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசுவோம் லா."

பையன் வாயே திறக்கவில்லை. அம்மா பேசும்போது அவனுக்கு வாய் இருப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது.

அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும். என் பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் காப்பாற்றும்." அதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

முடிவு வந்த அன்று ரூத் என்னோடு வந்தாள். தன் காதாலேயே கேட்க வேண்டுமென்று காஜாங் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர்கள் பார்த்தது கட்டியின் ஜீனை. அந்த மாற்றம் பிறவியில் வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல. புகையும் தொழிற்சாலை ரசாயனமும் காரணமாக இருந்திருக்கலாம். என் கட்டியில் இருந்தது பெரும்பாலும் மெதுவாகப் போகிற வகை. திரும்ப வரலாம், ஆனால் ஆழமாகப் பரவுவது குறைவு. உத்தரவாதம் தர முடியாது என்றார். ஆனால் இப்போதைக்குப் பையை எடுக்க வேண்டாம், மருந்து ஏற்றி, அடிக்கடி குழாய் விட்டுப் பார்த்தால் போதும்.

எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்ததும் காஜாங் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மண்டபம் பார்க்கலாம் என்றார். ரூத் மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"வேணாம் ஆன்டி. அப்பாவுக்கு வந்ததுக்கே ஒதுங்கிட்டீங்க. நாளைக்கு எனக்கு ஏதாச்சும்னா உங்க மகன் எங்க நிப்பாரு?"

நான் பதறிப்போனேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்றுகூட நினைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் புரிந்தது. நான் கேட்டது பிள்ளையின் வாழ்க்கையை. அவர் அதைத்தான் காப்பாற்றினார்.

இப்போது என் சிறுநீர்ப்பையில் கட்டி இல்லை. சிகரெட்டைத் தொடுவதில்லை. தேவசகாயம் அண்ணன் தன்னால்தான் சாபம் முறிந்தது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சொல்லித் திரிகிறாராம். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

பிரியமானவர்களே, ரத்தத்தைப் பார்த்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பிறகு முழங்காலில் நின்று கேளுங்கள், அவர் கேட்பார். உங்களுக்காகக் கத்தி ஜெபிக்கிறவர்களை நம்பி இருக்காதீர்கள், உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர் யார் என்று பாருங்கள். என் வீட்டில் அது ரூத். அவளை அந்த வீட்டுக்கு அனுப்பாமல் தடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.