ரவிக்குமாருக்குக் கிடைக்காத சீட்

1995 செப்டம்பரில், இரண்டாவது கவுன்சிலிங்கும் முடிந்து பெங்களூரிலிருந்து மைசூர் திரும்பியபோது ரவிக்குமாரின் கையில் ஒன்றுமே இல்லை. முதல் கவுன்சிலிங்கில் ஆயுர்வேத சீட் ஒன்று கிடைப்பதாக இருந்தது. எம்.பி.பி.எஸ். தவிர எதுவும் வேண்டாம் என்று வீராப்பாக எழுந்து வந்திருந்தான். இப்போது அதுவும் போய்விட்டது. நுழைவுத் தேர்வு எழுதியது இது இரண்டாவது முறை.

அவன் அம்மா பாப்பம்மாள் சரஸ்வதிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவர் செத்த பிறகும் ஊர் திரும்பாமல் பதினான்கு வருஷமாக அங்கேயே தரை துடைக்கிறாள். மகன் டாக்டராகப் போகிறான் என்று அவள் சொல்லாத ஆள் அங்கே பாக்கியில்லை.

ரவி சர்டிபிகேட் பையோடு அலைந்தான். பி.எஸ்ஸி. கேட்டுப் போன காலேஜில் குமாஸ்தா தலை நிமிராமலே கன்னடத்தில், "அட்மிஷன் முகீத்தப்பா, முந்தின வர்ஷ பா" என்றார். அட்மிஷன் முடிந்துவிட்டதாம், அடுத்த வருஷம் வரவேண்டுமாம். பார்மஸி டிப்ளமோவுக்கு ஜூலையிலேயே பட்டியல் ஒட்டிவிட்டார்கள். லேப் டெக்னீஷியன் படிப்பும் நிறைந்துவிட்டது. மருந்துக் கம்பெனியில் ரெப் வேலைக்கு டிகிரி கேட்டார்கள். டாக்டர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றதெல்லாம் கைநழுவியிருந்தது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் போய் உட்காருவான். தெருக்குழாயில் கூட்டம் கலையும்வரை வீட்டுக்குப் போகமாட்டான். அங்கே பக்கத்து வீட்டு ராணியக்கா, "டாக்டரே, காலேஜ் எப்போ?" என்று கேட்பாள்.

பாப்பம்மாள் பெரிய டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளாக அவனைச் சேர்த்துவிட்டாள்.

முதல் நாளே ஒரு குடல்வால் ஆபரேஷன். பச்சை அங்கி மாட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான். டாக்டரம்மா கத்தியை வைத்ததும் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. காது அடைத்தது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது வராந்தாத் தரையில் கிடந்தான். அம்மா ஈர முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பொன்னம்மா கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இதையே என்னால பாக்க முடியல. நான் எப்படிம்மா டாக்டர் ஆயிருப்பேன்?" ரவி எழுந்து உட்கார்ந்தான். "ரெண்டு வருஷம் எதுக்கு அடிச்சுக்கிட்டேன்?"

"மொத நாள் நானும் வாந்தி எடுத்தேன் சாமி. மூணு நாளு சோறு எறங்குல."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே!"

"உங்கிட்டச் சொல்லி? நீ படிக்கோணும்னு இருந்தே."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். விட்டால் எங்கே போவது என்று அவனுக்கே தெரியவில்லை. பாப்பம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள் போனாள். ஆபரேஷன் முடிந்திருந்தது, தரையைக் கழுவ வேண்டும்.

மறுநாளும் போனான். மயங்கவில்லை, ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு கத்தரிக்கோல்களையும் இடுக்கிகளையும் கிருமி போக அவிக்கிற அறைக்கு மாற்றினார்கள். அங்கே ரத்தம் காய்ந்துதான் வரும். அதனால் நிலைத்துவிட்டான்.

அடுத்த ஜூனில் பி.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்கப் போனான். வகுப்பெல்லாம் பகலில். வேலையை விடவும் வழியில்லை. மாலைக் கல்லூரியில் பி.காம். மட்டும்தான் இருந்தது. அதில் சேர்ந்தான். கணக்கில் அவனுக்கு ஒருநாளும் மனசு ஒட்டவில்லை.