அண்ணனுக்கு எடுத்த வசனம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் பெரம்பலூர் சபையில் வசனச் சீட்டுகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வருவதுதான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தம். கல்லூரியில் அப்போதுதான் நிகழ்தகவு படித்துக்கொண்டிருந்தேன். இருநூறு சீட்டில் எதுவும் யாருக்கும் வரலாம், இதில் கர்த்தருக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் வாயாடுவேன். "பைபிள்ல யூதாசுக்குப் பதிலா வேற சீஷன எடுத்தப்ப சீட்டுத்தானடி போட்டாங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல். போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போன அண்ணனிடமிருந்து ஏழு மாதமாகப் போன் இல்லை. "எனக்கும் அவனுக்கும் சேத்து எடுத்துட்டு வா" என்றாள்.

மூன்று சீட்டு எடுத்தேன். தட்டைப் பிடித்திருந்த போதகரின் மனைவி சிரித்தார். "ஒங்க வூட்டுக்கு மட்டும் ரேஷனாம்மா?"

வெளியே வந்து படித்தேன். அண்ணனுக்கென்று எடுத்தது பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது. எனக்கு வந்ததோ, தூரம் போனவர் பத்திரமாகத் திரும்புவார் என்றது. இரண்டையும் மாற்றிவிட்டேன். ஒரு நொடி வேலை.

அண்ணனுடையது என்று நான் கொடுத்ததை அம்மா பீரோ கண்ணாடியில் ஒட்டினாள். அதுவரை பதினைந்து நாளுக்கொரு தடவை அரியலூர் போய், அண்ணனை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் விசாரித்து வருவாள். அதை நிறுத்திவிட்டாள். "அவரே சொல்லிட்டாரு. நான் எதுக்கு அந்த ஆளு வாசல்ல போய் நிக்கணும்?"

இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. கர்த்தர் தந்த சீட்டென்றால், அண்ணனுடையதை நான் பறித்துக்கொண்டேன். வெறும் தற்செயல் என்றால், ஏன் மாற்றினேன்? சபையில், கல்லூரியில், வீட்டில், யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை.

பிப்ரவரி கடைசியில்தான் தைரியம் வந்தது. நூலகம் என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக அரியலூர் போனேன்.

"உங்கண்ணன் ஆந்திராவுல வேலைய விட்டுட்டு வண்டியிலருந்து எறங்கி ஒன்றரை மாசமாச்சேம்மா, எங்க போனான்னு தெரியல" என்றார் ஏஜெண்ட். "அம்மா வந்து சத்தம் போட்டாத்தான் நானும் நாலு எடத்துக்குப் போன் போடுவேன். அவங்க வரவே இல்ல, உங்களுக்குத் தகவல் வந்துருச்சாக்கும்னு விட்டுட்டேன்."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அவனுக்கு வந்தது எங்க?"

நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"காத்திருன்னுதான சொல்லியிருக்கு. வரமாட்டான்னு சொல்லலியே. இதுக்குப் போயா பயந்த?"

மறுநாள் காலை அரியலூருக்குக் கிளம்பினாள்.

"நானும் வரேம்மா."

"வேணாம். நீ வந்தா அந்தாளு சொல்றதையும் மாத்தி எங்கிட்ட சொல்லுவ."

பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே நடந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் கிளம்பும்வரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.