மேல் அம்புக்குறி

எங்கள் மீனவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ரிஸ்னாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மாக்கிறட் என்னிடம்தான் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம், புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர், படித்து முடித்து மன்னாருக்குத் திரும்பியவர், கெட்டிக்காரி. எல்லாம் உண்மை. எழுதும்போது எனக்கு வயிறு எரிந்தது என்பதை மட்டும் சேர்க்கவில்லை. அதை இங்கே சேர்க்கிறேன்.

சங்கத்துக்குத் தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை ஏழு ஐஸ் அறைகள். ஒவ்வொன்றிலும் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினி குளிரை அளந்து சங்க அலுவலகத்துக்கு, எங்கள் கந்தோருக்கு, அனுப்பும். அதில் ஓடுவது யுனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு சிறு இயங்குதளம். படம், மவுஸ் ஒன்றும் கிடையாது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி வேலை செய்விக்கும் 'ஷெல்' என்ற நிரலோடுதான் பேச வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன், இருப்பதிலேயே மெலிந்த ஷெல்லை நான்தான் தெரிந்தெடுத்துப் போட்டேன். பெட்டியில் இடம் குறைவு. அந்த ஷெல்லுக்கு ஞாபகசக்தியும் இல்லை. ஓரெழுத்துப் பிழைத்தால் முழு வரியையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அறைகளில் வேலை செய்பவர்கள் எனக்குத்தான் போன் எடுப்பார்கள்.

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, அந்த நீட்டு வரியை ஒருக்காச் சொல்லுங்கோ."

பூசையில் நின்றாலும் வெளியே வந்து மனப்பாடமாகச் சொல்வேன். எரிச்சல்படுவதுபோலக் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்பது எனக்குத்தான் தெரியும்.

ரிஸ்னா வேலைக்கு வந்த மூன்றாம் மாதமே வேறொரு ஷெல்லைக் கொண்டுவந்தாள். அதுவும் சிறியதுதான், என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அடித்த கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி திரும்பி வரும். பெயரைப் பாதி அடித்தால் மீதியை அதுவே நிரப்பும்.

"இனி ஒருத்தரும் உங்களுக்குக் கரைச்சல் தர மாட்டாங்க அண்ணா," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் குத்தியது.

வங்காலை அறையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார் மாக்கிறட். அந்த இரண்டு வாரமும் வங்காலையிலிருந்து ஓர் அழைப்புக்கூட வரவில்லை. என் போன் பழுதோ என்று மனைவியின் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பழுதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிஸ்னா சாப்பிடப் போன நேரம், கந்தோரில் இருந்தபடியே வங்காலைப் பெட்டிக்குள் நுழைந்து, குளிர் அளவை அனுப்பும் வேலையை நிறுத்தினேன். குளிர் குறையாது, மீனுக்குக் கேடு வராது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கூட்டத்தில் நானே மாக்கிறட்டிடம் பேச்சை எடுத்தேன்.

"நேத்து மத்தியானம் தொடக்கம் வங்காலையில இருந்து ஒண்டும் வரேல்ல மிஸ். புது ஷெல்லைப் பெட்டி தாங்கேல்ல போல."

ரிஸ்னா மடிக்கணினியைச் சுவர்த் திரையோடு இணைத்து, வங்காலைப் பெட்டிக்குள் போய், மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள்.

மறதிக்கார ஷெல்லோடு பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். அடித்தது அடித்ததோடு போய்விடும் என்பது என் உடம்பில் ஊறியிருந்தது. நான் அடித்த வரி சுவரில் பெரிதாக நின்றது. பெட்டிக்குள் எல்லோரும் ஒரே பயனர் பெயரில்தான் போவோம். ஆனால் அந்தக் கட்டளை தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும்.

அவள் அதை வாசித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"என்னவாம் பிள்ளை?" என்று மாக்கிறட் கேட்டார்.

"அனுப்புற வேலை நிண்டிருக்கு மிஸ். திருப்பித் தொடக்கினாச் சரி. ஷெல்லுல பிழை இல்ல."

"ஆர் நிப்பாட்டினது?"

"யாரோ கை தவறி அடிச்சிருப்பாங்க," என்றாள்.

ஏழு அறைகளுக்கும் புது ஷெல் என்று முடிவாயிற்று. அதைப் போடும் வேலை எனக்கு. திங்கட்கிழமை முதல் வேலையாக வங்காலைக்குப் போனேன், அந்த வரியை அழிக்க. மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி முதல் நாள் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வரி அங்கே இல்லை. எனக்கு முன்பே அவள் அழித்திருந்தாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவளுடைய கெட்டித்தனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், இப்போது அந்த மனதைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன். அதற்கு யாரிடம் போன் எடுத்துக் கேட்பது என்று தெரியவில்லை.