உள்ளங்கைப் பக்கத்துக் கல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு பொங்கலுக்கு மேல் தங்கியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைக்கு வந்தபோது என்னிடம் இரண்டு சாரமும் ஒரு சட்டையும் ஒரு கோமேதகக் கல்லும் இருந்தன. அதற்கு முன் இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். குழி இடிந்து வேலை நின்றபோது முதலாளி கூலிக்குப் பதிலாக அந்தக் கல்லைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார். புளியங்கொட்டை அளவு, பால் விடாத வெறுந்தேத்தண்ணியின் நிறம். பட்டினி கிடந்த நாட்களில்கூட அதை விற்கவில்லை. மன உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டவர்கள் எல்லாரும் அவ்வளவு குறைத்துக் கேட்டார்கள்.

என்னோடு மூட்டை இறக்கிய, சல்லி என்ற கடலோரக் கிராமத்துக் கூட்டாளி ஒருவன், தன் பெரியப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னான். அவளை அம்மன் கோயில் திருவிழாவில் நான் ஏற்கெனவே கண்டிருந்தேன். ஐஸ்பழம் விற்றவனிடம் மிச்சக் காசுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வேறு ஊருக்குப் போகும் எண்ணம் எனக்கு வரவில்லை. அப்படி ஒன்று எனக்கு நடந்தது அதுதான் முதல் தடவை.

"பெரியப்பருக்கு ஒரு பயந்தான்" என்றான் கூட்டாளி. "நீ ஒரு இடத்திலை நிண்டுபிடிக்கமாட்டாய் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்."

சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. நிலையான மனிதன் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த நிலையான மனிதர்கள், கடை முதலாளியும் ஊர்த் தலைவரான விதானையாரும் எங்களை வேலை வாங்கும் கங்காணியும், கல் வைத்த மோதிரம் போட்டிருந்தார்கள். என் மூளை அதற்கு மேல் போகவில்லை.

அம்மா விட்டுப்போன ஒற்றைத் தோட்டையும் கல்லையும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நகை செய்யும் பத்தரிடம் போனேன். அவர் தோட்டைத் தராசில் வைத்துப் பார்த்து, "இந்தப் பொன்னுக்கு இந்தக் கல்லு பாரம்" என்றார். பிறகு என் வலது கை மோதிர விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த விரலின் நடு மூட்டு முன்பொருநாள் பாரம் தூக்கும் கொழுக்கிக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில் அகப்பட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். மூட்டு நெல்லிக்காய் போல வீங்கி, அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, மூட்டுக்கு அளவெடுத்தா அடியிலை ஆடும். அடிக்கு அளவெடுத்தா மூட்டைத் தாண்டாது. இடக்கையிலை போடுங்கோவன்."

"பொம்பிளை பாக்கப் போறன், பத்தர். இடக்கையை நீட்டிக் காட்டேலுமே?"

"அப்ப வலக்கையிலை வேறை விரல்."

"மோதிர விரல் எண்டு ஒண்டு இருக்கேக்கை?"

"சரி. பிறகு வந்து என்னோடை கதைக்கக்கூடாது" என்று நூலை எடுத்து மூட்டுக்கு அளவு பார்த்தார்.

மோதிரம் வடிவாகத்தான் வந்தது. ஆனால் போட்ட உடனேயே கல் குப்புற விழுந்தது. மெல்லிய வளையம், பாரமான கல். விரலை எப்படிப் பிடித்தாலும் அது உள்ளங்கைப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. வெளியே தெரிந்தது குதிரைவால் மயிர் போன்ற ஒரு பொன்கோடு மட்டும். கூட்டாளியின் சைக்கிளில் அவனைப் பின்னால் ஏற்றி மிதித்துக்கொண்டு சல்லிக்குப் போகும் வழியெல்லாம் கைபிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அது அழுத்திக்கொண்டே வந்தது.

அங்கே என்னைக் கதிரையில் இருத்தினார்கள். பெண்ணின் தகப்பன் கீழே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தாய் தேத்தண்ணியும் ஒரு தட்டு வடையும் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றார். பெண் அடுப்புப் பக்கம், குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்ச எவ்வளவு காலம் நிப்பீர்?" என்று தகப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இனி இஞ்சதான்" என்று சொல்லி, கல் தெரியட்டும் என்று வலக்கையை மலர்த்தி அவர் முன்னால் நீட்டினேன்.

தாய் அதில் ஒரு வடையை வைத்தார்.

சாப்பிட்டேன். கல்லைப் பெருவிரலால் தள்ளி மேலே கொண்டுவந்தேன். வடை எண்ணெய் பட்டதில் அது முன்னைவிட வேகமாகத் திரும்பியது. நிலையான வேலை, நல்ல கங்காணி என்று ஏதோ சொல்லி மறுபடி கையை மலர்த்தினேன். இன்னொரு வடை வந்தது. "வெக்கப்படாதேங்கோ தம்பி, கிடக்கு" என்றார் தாய். மூன்றாம் தடவையும் மலர்த்தி, வந்த வடையை நான் மென்றுகொண்டிருந்தபோது குசினி வாசலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, அந்த ஆள் வடை கேக்கேல்லை. மோதிரம் காட்டுறார்."

வாய் நிறைய உளுந்து. மறுக்கவும் முடியவில்லை, ஆமோதிக்கவும் முடியவில்லை. தகப்பன் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மீன் செவுளைப் பார்ப்பதுபோல என் விரலைத் திருப்பிப் பார்த்தார். கல்லை மேலே வைத்தார். அது கீழே போனது. மறுபடி வைத்தார்.

"இதுவும் உம்மைப்போலைதான். ஒரு இடத்திலை நிக்குதில்லை."

கூட்டாளி நிலத்தைப் பார்த்தான். காரியம் முடிந்தது என்று விளங்கி, சைக்கிள் எந்தப் பக்கம் சாத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

அவர் வலை பொத்தும் நூலில் ஒரு முழம் அறுத்தார். "கையை ஆட்டாதையும்" என்று சொல்லி, மோதிரம் விரலில் இருக்க, வளையத்துக்கும் சதைக்கும் இடையில் நூலை விட்டு இழுத்து இழுத்துச் சுற்றினார். கல் மேலே வந்து நின்றது. பல்லால் முடிச்சை இறுக்கினார்.

"இனிக் கழட்டேலாதே?" என்று கேட்டேன்.

"கழட்டப் போறீரோ?"

குசினி வாசலைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

"அப்ப வாற வெள்ளிக்கிழமை உம்மட ஆக்களைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்கு வாரும்."

"எனக்கு ஆக்கள் இல்லை."

அவர் "அப்ப தனிய வாரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வலையைப் பொத்த இருந்தார். தாய் மிச்ச வடைகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்க் கையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கருவாட்டு மணம் வீசும் கறுத்த நூல் விரலடியை மூடியிருந்தது; அதன் நடுவே கல்லின் நுனி மட்டும் சிவந்து தெரிந்தது. கங்காணி தன் மோதிரக் கையால் என் விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"திரும்ப அடிபட்டதோ? இரத்தம் கசியுது. ஏலாதெண்டா இண்டைக்கு வேலை செய்யாமல் நில்லு."

"ஏலும்" என்று சொல்லி முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.