ஒடியாத கைக்குப் போட்ட புத்தூர் கட்டு

பழைய வேட்டித் துணியில் முட்டை வெள்ளைக்கரு காய்ந்தால் ஒரு கவுச்சி வரும்... இத்தனை வருஷம் கழித்தும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம். அங்கே யாருக்குக் கை கால் ஒடிந்தாலும் புத்தூருக்குத்தான் ஓடுவோம். மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் பச்சிலையும் தடவி, இறுக்கிக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கட்டோடு ஊருக்குள் வந்தால் ராஜ மரியாதைதான்.

எனக்குக் கை ஒடியவில்லை. ஆனாலும் கட்டு போட்டுக்கொண்டு திரிந்தேன்!

அப்போது திருப்பதியில் ஒரு செல்போன் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. ஹாஸ்டல் வாசம். சில மாதத்தில் என்னவோ ஆகிவிட்டது... தூக்கம் இல்லை, சோற்றைப் பார்த்தாலே அழுகை. லீவு போட்டு வீட்டுக்கு வந்தவள் படுத்த பாயை விட்டு எழவில்லை. ரூம்மேட் ஒருத்தி திருப்பதியில் ஒரு மனநல டாக்டரைச் சொல்லியிருந்தாள். அங்கே போகலாம் என்றேன். அம்மா நடுங்கிவிட்டாள். கங்காதர நெல்லூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்த நேரம் அது.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

என் அப்பா, நைனாதான் வழி கண்டுபிடித்தார். வேர்க்கடலைக் கொல்லையைத் தவிர வேறு உலகம் தெரியாத மனுஷன். "கை ஒடிஞ்சிபோச்சி, புத்தூருக்குப் போயிகினு வரோம்னு சொல்லிக்கலாம்" என்றார். சொன்னதோடு விட்டாரா? மூங்கிலைச் சீவி, வேட்டியைக் கிழித்து அவரே என் இடது கையில் கட்டினார். மேலே முட்டையை உடைத்துத் தடவினார்.

"முட்டை எதுக்கு நைனா?"

"வாசன வரலைன்னா எவன் நம்புவான்?"

நம்பினார்கள். ஊர் நம்பியது, எறும்பு நம்பியது, தெருப் பூனையும் நம்பிப் பின்னாலேயே வந்தது.

திருப்பதி டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "சேதிக்கி ஏமைந்தம்மா?" கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நைனா தெலுங்கில் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு "சரே, உண்டனி" என்றார். ரெஸ்ட் கிடைக்கிறதென்றால் கட்டு இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

மாத்திரை கொடுத்தார். படுக்கையில் போன் கூடாது, காலையில் நடக்க வேண்டும், மனசு கனத்தால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றார். வெறுங்கையோடு இதையெல்லாம் செய்திருந்தால் 'வயசுப் பொண்ணு வேலைவெட்டி இல்லாம சுத்துது' என்று ஊர் பேசியிருக்கும். கட்டு இருந்ததால் ஒரு குடத்தைக்கூடத் தூக்க விடவில்லை. "கைய ஆட்டாதடி" என்று பார்த்தவர்கள் எல்லாம் அதட்டினார்கள். வாழைப்பழம் வேறு வந்தது! காலையில் நைனாவோடு கொல்லை வரப்பில் நடப்பேன். இருவரும் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் நானே "பசிக்குது நைனா" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் கவிதா, பெற்ற குழந்தையைத் திரும்பியும் பார்க்காமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடக்கிறாளாம்.

"துன்றதில்ல, தூங்கறதில்ல. காத்து பட்டுகீதுன்றாங்க. நீதான் புத்தூர் பக்கம் போயிகினு வரியே... அங்க மந்திரிக்கிறவங்க யாருனா கீறாங்களாடி?"

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தானே கிடந்தேன். அம்மா கண்ணாலேயே 'வாயைத் திறக்காதே' என்றாள். நெல்லூர்க்காரர்கள் அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

நான் கட்டை அவிழ்த்தேன். மூங்கில் பத்தை சரோஜா அக்கா காலடியில் விழுந்தது.

"இன்னாடி... கை நல்லாதானே கீது?"

"கை எப்பவும் நல்லாதான் இருந்துது அக்கா. மனசுதான் ஒடிஞ்சிபோச்சி. டாக்டராண்ட போனேன், கூடிகினு வருது. கவிதாவையும் இட்டுகினு போலாம்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நைனா குனிந்து மூங்கில் பத்தையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "காலைல முதல் பஸ்ஸு. கொழந்தைக்கு மாத்துத் துணி எடுத்துக்க சரோஜா."

நெல்லூரிலிருந்து யாரும் வரவில்லை. போகட்டும்! சில மாதம் கழித்து, கவிதா அதே பஸ்ஸில் குழந்தையை மடியில் நிற்க வைத்து ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது திருப்பதியில் குடித்தனம். என் வீட்டுக்காரரிடம் கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே எல்லாம் சொல்லிவிட்டேன். முடியாத நாளில் இடது மணிக்கட்டில் ஒரு கர்ச்சீப்பைச் சுற்றிக்கொள்வேன். 'இன்னிக்கு அம்மாவுக்குக் கட்டு' என்று பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், அவர் சமையலைப் பார்த்துக்கொள்வார். ரீல்ஸில் செல்ஃப் கேர் என்று வாசனை மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்... எனக்கு அது முட்டைக் கவுச்சியில் ஆரம்பித்தது.

அம்மா போன பிறகு நைனா ஊரில் தனியாக இருக்கிறார். எப்போது கேட்டாலும் "நல்லாகீறேம்மா" ஒன்றுதான் பதில். போன ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார்.

"இன்னிக்கு எனக்குக் கட்டும்மா" என்றார்.

முடியவில்லை என்று வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத மனுஷன்.

"கைய ஆட்டாத நைனா, வந்துகினே கீறேன்" என்று சொல்லிவிட்டு, சித்தூர் பஸ் ஏறினேன்.